மெமோவுக்கு விளக்கம்

ஐயா,
இருபத்தாறாம் தேதியிட்ட தங்கள் குறிப்பாணை
நேற்றுச் சாயங்காலம் கிடைத்தது.
குற்றச்சாட்டு ஒன்று: அனுமதியின்றி
நாற்பத்தேழாம் எண் காற்றாலையில் ஏறியது.
குற்றச்சாட்டு இரண்டு: பதிவேட்டில்
பொய்ப் பெயர் எழுதியது.

ஏறியது உண்மை.
எழுதிய பெயர் முப்பிடாதி.
ரேஷன் கார்டிலும் அதுதான்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு
பணகுடி சைட்டில் ஒன்பது பேர் சேர்ந்தோம்.
எட்டுப் பேருக்குப் பெல்ட்.
எனக்குப் பதிவேடு.
"ஒன் அளவுக்குப் பெல்ட் வரல" என்றார்கள்.
இரண்டு வருஷமாக அது
மதுரை தாண்டி வந்துகொண்டே இருக்கிறது.

"பொம்பளையாளுக்குக் கக்கூஸ் இல்ல,
மேல எப்படி அனுப்ப?" என்றீர்கள்.
ஆபீசிலும்தான் இல்லை.
அதற்காக யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை.
காலையில் தண்ணீர் குடிக்காமல் வர
நானே பழகிக்கொண்டேன்.

சேர்ந்த அன்றைக்கு ஒருவர் கேட்டார்,
"ஊரு சரி, ஊர்ல எங்கன?
கோயிலுக்கு மேக்கயா கெழக்கயா?"
கெழக்க என்றேன்.
மறுநாள் கேன் மேல் இருந்த டம்ளர்
அவரவர் பைக்குள் போய்விட்டது.
இதை இதுவரை எழுத்தில் கொடுத்ததில்லை.
டம்ளர் காணவில்லை என்று
எப்படிப் புகார் எழுத?

ஏறுகிறவர்களுக்கு மாதம் இரண்டாயிரத்து நானூறு,
'ஏறும் படி' என்று சம்பளச் சீட்டில் வரும்.
என் சீட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு.
ஏணியில் இருநூற்று எழுபது படி.
அன்றைக்கு எண்ணிவிட்டேன்.

ஆடி ஏழு. விடியக்காலம்
காற்று கொஞ்சம் மூச்சு வாங்கியது.
நாற்பத்தேழு நின்று ஆறு மணி நேரம்.
செல்வின் மட்டும் வந்திருந்தான்.
மாடசாமிக்கு ஊரில் கொடை.
தனியாள் ஏறக்கூடாது என்பது
கம்பெனி விதி, பக்கம் பதினொன்று.
தங்களுக்கு நான்கு தடவை போன் போட்டேன்.
மாடசாமியின் பெல்ட்டை எடுத்து
பட்டையைக் கடைசிவரை இழுத்தேன்.
சரியாக இருந்தது.
இரண்டு வருஷமாகவே சரியாக இருந்திருக்கும்.

திசை காட்டும் சென்சாரில் ஒயர் அறுந்திருந்தது.
மாற்றினேன். செல்வின் டார்ச் பிடித்தான்.
ஏழே முக்காலுக்கு இறக்கை சுற்றியது.
அவனிடம் கேட்டுக்கொள்ளலாம்;
சொல்ல மாட்டான், வீட்டு லோன் இருக்கிறது.

உயரத்திலிருந்து பார்த்தால்
எல்லாம் ஒன்று போலத் தெரியும் என்பார்கள்.
இல்லை ஐயா.
எங்கள் தெரு நல்லாத் தெரிந்தது.
தார் எங்கே முடிகிறது,
எந்தக் கம்பத்தோடு விளக்கு நிற்கிறது,
எண்பது மீட்டரில் இன்னும் துலக்கமாக.

இறங்கி வந்து எழுதினேன்:
ஏறியவர்கள் செல்வின், முப்பிடாதி.
பிறத்தியார் பெயரையே எழுதிய கை
முதல் எழுத்தில் சற்று நின்றது.
மத்தியானம் அதைச் சிவப்பு மையில் அடித்து
மாடசாமி என்று எழுதியது யார்?
மாடசாமி அந்நேரம் வள்ளியூருக்குத் தெற்கே
கெடாக்கறி தின்றுகொண்டிருந்தான்.
அவனுக்கு அன்றையப் படியும் உண்டு.

ஆபீஸ் சுவரில் சட்டச் சுருக்கம் ஒட்டியிருக்கிறது.
மேலே முருகன் காலண்டர்.
தேதி கிழிக்கும்போதெல்லாம்
காலண்டரை லேசாகத் தூக்கி ஒரு வரி.
ஒரே வேலைக்கு ஒரே கூலி,
ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்கலாகாது;
இவ்வளவு படிக்க ஒரு மாதம் ஆனது.
சாமியை நான் நகர்த்தவில்லை.
நீங்கள் நகர்த்தலாம்.

மன்னிப்பு எழுதித் தந்தால்
மெமோவைக் கிழித்துவிடலாம் என்று
ஆள் சொல்லி அனுப்பியிருந்தீர்கள்.
எழுதிப் பார்த்தேன்.
'தெரியாமல் ஏறிவிட்டேன்' என்ற இடத்தில்
பேனா ஓடவில்லை.
தெரிந்துதான் ஏறினேன்.

பதிவேட்டின் அந்தப் பக்கத்து நகல்
இத்துடன் இருக்கிறது. இன்னொன்று
பாளையங்கோட்டை தொழிலாளர் அலுவலருக்குப் போகிறது.
நாளைக் காலை ஷிப்டுக்கு வருவேன்.
பெல்ட் ஆணியில் தொங்குகிறது,
பட்டை நான் இழுத்த அளவிலேயே.

இப்படிக்கு,
சு. முப்பிடாதி,
எலக்ட்ரீசியன்.